டிஜிட்டல் கொள்கை பழக எது தேவலை: சான்றிதழ் படிப்பா, டெல்லியா, நம்ம ஊர் இ-பாஸா?

டிகிரி முடித்துவிட்டு டேட்டா பாதுகாப்பு, இணையக் கொள்கைப் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகள் கோத்தகிரி, குன்னூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வழி உண்டு, மூன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: நீங்கள் எழுதின இரண்டு பக்கக் குறிப்பை யாராவது வாசித்து, "இதைச் செய்ய யாருக்கு அதிகாரம், செலவு யார் தலையில், ஆதாரம் எங்கே" என்று மடக்குகிறார்களா? இந்தத் தொழிலில் முக்கால்வாசி எழுத்து வேலைதான்.

சான்றிதழ் படிப்பில் ஓரளவு மடக்குவார்கள். பெங்களூர் தக்ஷசிலா நிறுவனத்தின் 12 வாரப் பொதுக்கொள்கைப் படிப்பில் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, பெரும்பாலும் ஆன்லைன், வேலையை விடாமல் படிக்கலாம். பொருளாதாரப் பாடம் படிக்காதவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் கட்டணம் உண்டு, பாடம் ஆங்கிலத்தில், அப்புறம் மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போனால் நேரலை வகுப்பு அம்போ.

டெல்லி வேறு ரகம். சட்ட மசோதாக்களை ஆராயும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பு நடத்தும் லேம்ப் ஃபெலோஷிப்பில் ஒரு எம்.பி.யோடு பத்துப் பதினோரு மாதம் வேலை. நாளை விவாதத்துக்கு வரும் மசோதாவுக்கு இன்றிரவே குறிப்பு வேண்டும், அதில் தப்பிருந்தால் சபையிலேயே தெரிந்துவிடும். இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. 25 வயதைத் தாண்டியவர்களுக்கும், வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கும் இந்தப் பேச்சே வேண்டாம்.

மூன்றாவது, நம்ம மலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிஜிட்டல் விதியைப் பிடித்துக்கொண்டு பழகுவது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகள் ஆன்லைனில் எடுக்கவேண்டிய இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. ஃபோன் நம்பர், வண்டி நம்பர், வரும் தேதி எல்லாம் வாங்குகிறார்கள். அந்தத் தகவலை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யார் பார்க்கலாம்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தமிழிலேயே கேட்கலாம், 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் வரவேண்டும். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் நழுவிவிடுவார்கள், "தகவலை அழிப்பது பற்றிய ஆணையின் நகல் தருக" என்று கேட்டால் நழுவுவது கஷ்டம். அந்த வித்தியாசம் கைக்கு வர நாலு மனுவாவது எழுதவேண்டும்.

இதில் குறை என்னவென்றால் மடக்க ஆள் இல்லை. மற்றவர்கள் ஒருவரையொருவர் மடக்குவதைப் பார்த்துப் பழக டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) இருக்கிறது. அவர்கள் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, கருத்தும் எதிர்க்கருத்தும் வாங்கி, எல்லாவற்றையும் தளத்தில் போட்டுவிடுவார்கள். எல்லா இணையதளத்தையும் ஒரே மாதிரி நடத்தவேண்டும் என்ற இணையச் சமநிலைச் சண்டையில், தளத்துக்குத் தளம் டேட்டா கட்டணம் மாறக்கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று வந்த தடைக்கு முன்னால் ஃபேஸ்புக் என்ன எழுதியது, எதிர்த்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள், பிறகு இறுதி ஒழுங்குமுறையில் யார் வாதம் நின்றது என்று பாருங்கள், இலவசமாக இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது. 2025 ஜனவரி 3 அன்று வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவு இந்த அளவுக்கு உதவாது, வந்த கருத்துகளை வெளியிடமாட்டோம் என்று மத்திய ஐ.டி. அமைச்சகம் முதலிலேயே சொல்லிவிட்டது. (வெளிப்படைத்தன்மை பற்றி ரொம்பப் பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும்.)

என்னைக் கேட்டால், வயதும் வசதியும் இருந்தால் லேம்ப்புக்கு விண்ணப்பியுங்கள். மற்றவர்கள் இ-பாஸ் மனுவில் ஆரம்பித்து, நாலைந்து பேர் சேர்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் கிழிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் படிப்புக்கு அப்புறம் காசு கட்டலாம், கையில் ஒரு குறிப்பு இருக்கும்போது ஆசிரியரிடம் கேட்கவும் கேள்வி இருக்கும்.