டெவான்ட்டா ஸ்மித்: 75 கிலோ ரிசீவரை முதல் சுற்றில் எடுக்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கட்சி. பாசம் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படிக்கவும். விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட சரக்கு, 2021 ஏப்ரலில் அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து சந்தைக்கு வந்து, கடைசியில் எங்கள் அணிக்கே கிடைத்த வைட் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) டெவான்ட்டா ஸ்மித். மனிதரைச் சரக்கு என்பது மரியாதை இல்லைதான். ஆனால் கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் பொறுக்கி எடுக்கும் அமெரிக்கக் கால்பந்தின் டிராஃப்ட்டே அப்படிப்பட்ட சந்தை. எடை பார்ப்பார்கள், உயரம் பார்ப்பார்கள், உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அளப்பார்கள். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 32 அணிகளும் வரிசை போட்டு, சுற்றுச் சுற்றாக ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு போகும். வரிசையில் முன்னால் நிற்கும் உரிமைதான் அங்கே காசு.

அவர் இப்போது எப்படி ஆடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்குக் கல்லூரி ஆட்டங்களின் வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு எதைப் பார்த்து இவரை எடுத்திருக்க வேண்டும், எதைப் பார்த்து ஏமாந்திருக்கக் கூடாது என்பதைத்தான் எழுதப் போகிறேன். பழைய ஆட்டங்களை மறுபடி ஓடவிட்டுப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது.

பெட்டியின் மேல் அச்சடித்திருந்த விவரம் பயமுறுத்துவதுதான். உயரம் ஆறடி, எடை 166 பவுண்டு. நம் கணக்கில் 75 கிலோ. இண்டியானாபொலிஸில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் வந்த எடை இது; அதுவரை அலபாமா பட்டியலில் 175 என்று போட்டிருந்தார்கள். அந்த வருஷம் கொரோனாவால், வீரர்களை ஒரே இடத்தில் கூட்டி ஓடவிட்டு அளந்து பார்க்கும் வழக்கமான கம்பைன் நடக்கவில்லை. கல்லூரி நடத்திய தேர்வு நாளில் அவர் 40 யார்டு ஓட்டமும் ஓடவில்லை. ஆக, கையில் கிடைத்த ஒரே புது எண் எடை மட்டும்தான். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘ஒரு அடி விழுந்தால் முறிந்துவிடுவார்’ என்று டிவியில் பேசாத ஆள் இல்லை.

இன்னொரு பக்கம் பார்த்தால் விருதுகள். 2020 பருவத்தில் 117 கேட்ச், 1,856 யார்டு, 23 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது). கையில் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை. 1991இல் டெஸ்மண்ட் ஹோவர்டுக்குப் பிறகு அதுவரை ஒரு ரிசீவருக்கு அது கிடைத்ததே இல்லை. எண்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் இவற்றையும் நான் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன். பந்தெறிபவரைக் காக்கும் அலபாமாவின் முன்வரிசை நாட்டிலேயே தலைசிறந்தது. பந்தெறிந்தவர் மேக் ஜோன்ஸ், அவரும் முதல் சுற்றில் போனவர். ஆட்டத்தைத் திட்டமிட்டவர் ஸ்டீவ் சார்க்கிசியன். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் டியூஷனுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

அதனால் முதல் வேலையாக, புகழ்பெற்ற இரண்டு கேட்ச்களைக் கழித்துவிடுகிறேன். 2018 ஜனவரியில் அட்லாண்டாவில் ஜார்ஜியாவுக்கு எதிராக, கூடுதல் நேரத்தில், 26 யார்டு தேவை என்ற நிலையில் டுவா டகோவாய்லோவா எறிந்த 41 யார்டு டச்டவுன். சாம்பியன் பட்டத்தையே தீர்மானித்த பந்து. ஸ்மித் அப்போது முதலாண்டு மாணவர். மயிர்க்கூச்செறியும் காட்சி, சந்தேகமே இல்லை. ஆனால் திரும்பப் பார்த்தால், எதிரணியின் தடுப்பு கலைந்துபோய் ஓரத்தில் ஸ்மித் தனியாக ஓடுகிறார். இரண்டாவது, 2021 ஜனவரி இறுதிப் போட்டியில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான 42 யார்டு டச்டவுன். அவரைத் துரத்தியது யார் தெரியுமா? ஒரு லைன்பேக்கர், அதாவது தடுப்பு வரிசையில் நிற்கும் கனமான ஆள். அப்படிப்பட்டவரை ஸ்மித்தை விரட்ட வைத்தது சார்க்கிசியனின் சாமர்த்தியம். பாராட்டு அவருக்கே போகட்டும். அன்றைக்கு முதல் பாதியிலேயே 12 கேட்ச், 215 யார்டு, 3 டச்டவுன் எடுத்துவிட்டு, விரல் பிசகி வெளியே போய்விட்டார். அந்த மொத்தத்தைப் பார்த்து மயங்கி எடுப்பவர் கண்ணாடி மாற்ற வேண்டும்.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது.

முதலில் தொடக்கம். ரிசீவரின் முகத்துக்கு நேரே, அவரைத் தடுக்க வேண்டிய எதிரணிக்காரரான கார்னர்பேக் நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளப் பார்ப்பார். 75 கிலோ ஆள் அந்தக் கையில் சிக்கினால் கதை முடிந்தது. ஸ்மித் சிக்குவதில்லை. பந்து நகர்ந்ததும் முதல் அடியைச் சின்னதாக வைக்கிறார், தோளை ஒரு பக்கம் காட்டுகிறார், எதிராளியின் கை நீண்டதும் அதைத் தட்டிவிட்டு மறுபக்கம் போய்விடுகிறார். மூன்றாவது அடிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே வித்தையை வைத்துக்கொண்டு கல்லூரியில் காலம் தள்ளியவர்கள் மேலே போனதும் இரண்டு வாரத்தில் அகப்பட்டுக்கொள்வார்கள்.

அடுத்து முடிவு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். நீளமான பந்து வரும்போது கார்னர்பேக் பந்துக்கு முதுகு காட்டி ஓடிக்கொண்டிருப்பார். பந்து எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரியாது. ரிசீவரின் கண் விரிகிறதா, கை மேலே எழுகிறதா என்று பார்த்துத்தான் தானும் கையைத் தூக்குவார். பெரும்பாலான ரிசீவர்கள் இரண்டு மூன்று அடி முன்னாலேயே கையை நீட்டிக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். ஸ்மித் கையைத் தூக்குவதே இல்லை. முகத்திலும் ஒன்றும் தெரியாது. சாதாரணமாக ஓடிக்கொண்டே இருப்பார். பந்து தோளுக்குப் பக்கத்தில் வந்த கணத்தில் கை முளைக்கும். பக்கத்தில் ஓடியவர் திரும்புவதற்குள் பந்து உள்ளே போயிருக்கும். பலம் இல்லாத ஆள் பலசாலியை ஜெயிக்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியாது. எடை பார்க்கும் இயந்திரத்தில் இதற்கு முள் கிடையாது.

ஒரே ஒரு காட்சி மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்கள் 2020 டிசம்பரில் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மைதானத்தில் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். டச்டவுன் எல்லைக்குள் எல்எஸ்யூவின் கார்னர்பேக் டெரிக் ஸ்டிங்லி ஒட்டிக்கொண்டு நிற்க, ஸ்மித் எம்பி ஒற்றைக் கையால் பந்தைப் பறிக்கிறார். இந்த ஸ்டிங்லி லேசுப்பட்ட ஆள் இல்லை. 2022 டிராஃப்ட்டில் மூன்றாவதாகப் போனவர். திட்டத்தின் புண்ணியத்தால் ஆள் இல்லாமல் பிடித்த பந்தும் இல்லை. அன்றைக்கு 8 கேட்ச், 231 யார்டு, 3 டச்டவுன். அதற்கு முன்பே, அக்டோபரில், சக ரிசீவர் ஜெய்லன் வாடில் கணுக்கால் உடைந்து படுத்துவிட்டார். அதன்பின் பந்து யாருக்குப் போகும் என்று எதிரணிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

கூட்டத்தில் நின்றதால் மின்னினார் என்று சொன்னவர்களுக்கு 2019 கணக்கே பதில். அந்த அணியில் ஜெரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், வாடில் எல்லாரும் இருந்தார்கள். மற்ற மூவரும் முதல் சுற்று. ஆனால் அந்த வருஷம் அதிக யார்டு எடுத்தவர் ஸ்மித், 1,256.

விதி வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கல்லூரியில் கோட்டுக்குள் ஒரு கால் பதிந்தால் கேட்ச். என்எஃப்எல்லில் இரண்டு காலும் பதிய வேண்டும். ஸ்மித் ஓரக்கோட்டில் கல்லூரியிலேயே இரண்டு காலையும் இழுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர். அப்புறம், கல்லூரியில் பந்து எறியப்படும்வரை ரிசீவரை வழியில் இடித்துக்கொண்டே இருக்கலாம். என்எஃப்எல்லில் ஐந்து யார்டுக்கு மேல் தொட்டால் நடுவரின் கொடி விழும், தண்டனை உண்டு. அதாவது, ஒல்லி ஆளுக்கு மேலே போனால் ஒரு விதத்தில் பாதுகாப்பு கூடும். எடையைப் பற்றி அத்தனை பேசியவர்களில் இதைச் சொன்னவர்கள் குறைவு.

குறைகளும் உண்டு. பந்தைப் பிடித்த பிறகு ஆளை முட்டி உடைத்துப் போகும் வகை இல்லை. கட்டிப் பிடித்தால் விழுந்துவிடுவார். இரண்டு பேர் நடுவில் எம்பி, உடம்பால் இடம் பிடித்து எடுக்க வேண்டிய பந்துகளில் சராசரிதான். சக வீரருக்காகத் தடுப்பு வேலை செய்ய முன்னால் நிற்கிறார், மனசு இருக்கிறது. ஆனால் பெரிய ஆள் வந்தால் பின்னால் நகர்கிறார். நாலு வருஷமும் கல்லூரியில் இருந்துவிட்டு 22 வயதில் வந்தவர் என்பதால், இன்னும் வளர்வார் என்று சேர்த்துக் காசு கொடுக்க முடியாது. பார்த்தது எதுவோ அதுதான் கிடைக்கும்.

கிடைத்ததா? முதல் வருஷம் 916 யார்டு, அடுத்த இரண்டு வருஷமும் ஆயிரத்துக்கு மேல். ‘முறிந்துவிடுவார்’ என்ற ஆள் முதல் இரண்டு பருவத்திலும் 17 ஆட்டமும் ஆடினார். 2024இல் காயங்களால் சில ஆட்டங்கள் போயின. அந்தப் பருவத்தின் சூப்பர் பவுல், அதாவது என்எஃப்எல் இறுதிப் போட்டி, அவருடைய சொந்த மாநிலமான லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸில். எங்கள் பந்தெறிபவர் ஜெய்லன் ஹர்ட்ஸ் எறிந்த 46 யார்டு டச்டவுனை ஸ்மித் பிடித்தபோது, எதிரணி கன்சாஸ் சிட்டி ஒரு புள்ளிகூட எடுத்திருக்கவில்லை. அதிலும் கை எழுந்தது கடைசியில்தான். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

விலைக்கு வருவோம். டிராஃப்ட் அன்றைக்கு ஈகிள்ஸ் வரிசையில் 12ஆவது இடத்தில் இருந்தது. 11இல் நின்ற நியூயார்க் ஜயண்ட்ஸ் ஸ்மித்தைத் தூக்கிவிடக் கூடாதே என்று, டல்லாஸுக்குத் தங்கள் 84ஆவது இடத்தையும் சேர்த்துக் கொடுத்து 10ஆவது இடத்துக்கு ஏறியது. ஜென்மப் பகையாளியோடு வியாபாரம்! 2024 ஏப்ரலில் போட்ட மூன்று வருஷ நீட்டிப்பு 75 மில்லியன் டாலர். அது ரிசீவர் சந்தை ஏறிய ஏற்றம், புலம்ப ஒன்றுமில்லை. டிராஃப்ட் அன்று கொடுத்தது மூன்றாம் சுற்று இடம் ஒன்று. என்னைக் கேட்டால் கொள்ளை மலிவு. விற்ற டல்லாஸும் நஷ்டப்படவில்லை, இரண்டு இடம் இறங்கி மைக்கா பார்சன்ஸை எடுத்துக்கொண்டது. நடுவில் நின்ற ஜயண்ட்ஸ் 20ஆவது இடத்துக்கு இறங்கிப் போய் கடாரியஸ் டோனி என்ற ரிசீவரை எடுத்தது. அடுத்த வருஷம் அக்டோபரிலேயே அவரைக் கன்சாஸ் சிட்டிக்குத் தள்ளிவிட்டது. அந்த டோனி 2023 பிப்ரவரி சூப்பர் பவுலில் 65 யார்டு ஓடி எங்கள் வயிற்றில் அடித்தார் என்பது தனிக் கதை. அதற்கும் ஜயண்ட்ஸ்காரர்களைத்தான் திட்டுகிறேன்.