செவிலியர் செய்முறைத் தேர்வு: செக்லிஸ்ட்டா, மொத்த மதிப்பீடா?

வார்டில் நடக்கும் பழைய செய்முறைத் தேர்வில் ஒரு மாணவிக்கு ஒத்துழைக்கும் நோயாளி அமைவார், அடுத்தவளுக்கு நரம்பே கிடைக்காத நோயாளி. இந்த அநியாயத்துக்கு மாற்றாக, 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டனும் சகாக்களும் மருத்துவ மாணவர்களுக்கு ஆஸ்கி (OSCE) என்ற கட்டமைக்கப்பட்ட செய்முறைத் தேர்வு முறையை முன்வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஸ்டேஷன்கள் (ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்துகாட்டும் இடங்கள்), ஒரே நேரம். செவிலியர் கல்வியும் அதை எடுத்துக்கொண்டது. சரி, ஸ்டேஷனில் தேர்வாளர் எப்படி மதிப்பெண் போடுவது?

செக்லிஸ்ட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு டிக். புதிய தேர்வாளருக்கு எளிது, மாணவியும் எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்வாள். ஆனால் சிறுநீர்க் குழாய் பொருத்தும் ஸ்டேஷனைப் பாருங்கள். கிருமிநீக்கிய கையுறையோடு படுக்கை விரிப்பைத் தொட்டுவிட்டு, கையுறையை மாற்றாமலே தொடர்ந்தால் நோயாளிக்குத் தொற்று வரலாம். பட்டியலிலோ அதற்கு ஒரு மதிப்பெண்தான் குறையும். மற்ற டிக்குகளால் அவள் தேறிவிடுவாள். அதனால் இப்படிப்பட்ட படிகளை, தவறினால் தேர்ச்சியே இல்லை என்று தனியாகக் குறித்தே ஆகவேண்டும். இன்னொரு தொல்லை மனப்பாடம். "வலிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதில் வாங்காமல் அடுத்த படிக்குப் போகிறவளுக்கும் டிக் உண்டு.

மொத்த மதிப்பீட்டில் தேர்வாளர் முழுச் செயலையும் பார்த்து, 'தோல்வி', 'எல்லைக்கோடு', 'தேர்ச்சி', 'சிறப்பு' என்பதுபோல் ஒரு நிலை தருகிறார். வேலையின் ஒழுங்கு, நோயாளியிடம் பேசும் விதம் எல்லாம் இதில் தெரியும். அனுபவம் கூடியவர்கள் படிகளைச் சேர்த்தே செய்வார்கள். செக்லிஸ்ட் அவர்களைக் குறைத்துக் காட்டும், இது காட்டாது. ஆபத்து தேர்வாளரிடம் இருக்கிறது: ஒருவர் கறார், ஒருவர் தாராளம்.

என் கருத்தில், முதலாமாண்டில் ஊசி, பிபி போன்ற அடிப்படைத் திறன்களுக்குச் செக்லிஸ்ட் போதும். இறுதியாண்டில் மொத்த மதிப்பீடு இல்லாமல் தேர்வு வைக்கவே கூடாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னொரு நன்மையும் உண்டு: மொத்த மதிப்பீட்டில் 'எல்லைக்கோடு' வாங்கிய மாணவர்களின் செக்லிஸ்ட் மதிப்பெண்ணை வைத்து அந்த ஸ்டேஷனின் தேர்ச்சி வரம்பைக் கணக்கிடலாம். எங்கும் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது சதவீதம் வைக்க வேண்டியதில்லை.

எந்த முறையானாலும் தேர்வாளர்களுக்குப் படிவத்தைத் தேர்வு நாள் காலையில் நீட்டாதீர்கள். முன்கூட்டியே ஒரே வீடியோவைப் பார்த்து, தனித்தனியாக மதிப்பெண் போட்டு, ஏன் வேறுபட்டது என்று பேசட்டும். மாணவிகளும் தோழியைத் தேர்வாளராக உட்காரவைத்துப் பழகலாம். அப்புறம், "கை கழுவுகிறேன்" என்று வாயால் சொன்னால் போதுமா, செய்து காட்ட வேண்டுமா என்பதை இரு தரப்புக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.