ஆண் பக்கத்தில் அறிவு, பெண் பக்கத்தில் நிலவு: ஒரு பெயர்க் கையேட்டின் மதிப்புரை

என் தங்கைக்குக் குழந்தை பிறப்பதற்கு முன்பே, ஆணானாலும் பெண்ணானாலும் ‘மதி’ என்றே பெயரிடுவது என அவளும் அவள் கணவரும் முடிவு செய்திருந்தார்கள். பிறந்தது ஆண் குழந்தை. ‘மதி பொம்பளப் பிள்ளை பேராச்சே’ என்று எங்கள் அப்பத்தா தயங்கியதால், அவரைச் சமாதானப்படுத்த அச்சில் ஏதாவது சான்று கிடைக்குமா என்று தேடி, பேருந்து நிலையத்துப் புத்தகக் கடையில் 120 ரூபாய்க்கு ஒரு குழந்தைப் பெயர்க் கையேட்டை வாங்கினேன். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை; நான் புரட்டிய வேறு சில கையேடுகளும் இதே அமைப்பில்தான் இருந்தன.

தாள் மெலிதானாலும் எழுத்து பெரியது, அகரவரிசையும் பிசகாமல் இருக்கிறது. நட்சத்திரப் பாதங்களுக்குரிய முதலெழுத்து அட்டவணையைத் தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். மகத்துக்கு ம, மி, மு, மெ என்று நான்கு பாதங்களும் சரியாகவே உள்ளன. எழுத்துப் பார்த்துப் பெயர் வைப்பவர்களுக்கு இந்தப் பகுதி உதவும்.

சிக்கல், புத்தகத்தை ஆண், பெண் என நடுவில் பிளந்ததில் தொடங்குகிறது. ‘மதி’ இரண்டு பகுதியிலும் இருக்கிறது. ஆனால் ஆண் பகுதியில் அதற்கு ‘அறிவு’ என்றும், பெண் பகுதியில் ‘நிலவு’ என்றும் பொருள் எழுதியிருக்கிறார்கள். ஆணுக்கு மூளையும் பெண்ணுக்கு முகமும் என்று பங்கு பிரித்தவர் யார் என்று தெரியவில்லை. திருவள்ளுவர் அல்லர் என்பது மட்டும் உறுதி. ‘மதியும் மடந்தை முகனும்’ என்று 1116ஆம் குறளில் நிலவையும், ‘மதிநுட்பம்’ என்று 636ஆம் குறளில் அறிவையும் அவர் ஒரே சொல்லால் குறித்தார். நிலவை முகத்துக்கு உவமை சொல்வதும் பெண்ணோடு நின்றுவிடவில்லை. திருப்பாவையின் முதற்பாட்டில் ‘மார்கழித் திங்கள் மதி நிறைந்த நன்னாளால்’ என்று தொடங்கும் ஆண்டாள், அதே பாட்டில் நாராயணனைக் ‘கதிர்மதியம் போல் முகத்தான்’ என்கிறார். அப்பத்தாவுக்கு மனப்பாடமான அந்த வரியை, 120 ரூபாய் செலவழித்த பிறகுதான் நான் நினைவுகூர்ந்தேன்.

இதைவிடப் பெரிய பிழை, ‘மதி’ என்று முடியும் பெண்பெயர்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டதாகும். வளர்மதி, வான்மதி, இளமதி ஆகியவற்றில் இருப்பது நிலவு. பானுமதி, இந்துமதி ஆகியவற்றின் ஈற்றில் நிற்பதோ நிலவும் அன்று, அறிவும் அன்று. ‘உடையவள்’ என்று பொருள்படும் வடமொழிப் பெண்பால் விகுதி. பானுமதி என்றால் ஒளியுடையவள். கையேடு இதைச் ‘சூரியனும் சந்திரனும் சேர்ந்தவள்’ என்று விளக்குகிறது. ஸ்ரீமதியிலும், அதன் வழியே வந்த திருமதியிலும் இருப்பது இந்த விகுதிதான். எனக்குத் தோன்றுவது, இந்த ஓசை காதில் பழகியதாலேயே தனித்து நிற்கும் ‘மதி’யும் பலருக்குப் பெண்பெயராகக் கேட்கிறது என்பதே. சுமதியின் கதை வேறு: அது ‘நல்லறிவு’ என்னும் பொருளுடையது. சமணரின் ஐந்தாம் தீர்த்தங்கரர் சுமதிநாதர் ஓர் ஆண் என்பதால், இன்று தமிழகத்தில் பெண்களுக்கே வழங்கும் அப்பெயரையும் ஒரு பாலுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது.

தமிழில் பல வேளைகளில் பாலைக் காட்டுவது அடிச்சொல் அன்று, அதனோடு சேரும் சொல்லே. தி.மு.க.வின் ஐம்பெருந்தலைவர்களுள் ஒருவரான கே. ஏ. மதியழகனின் பெயரிலும், 2015இல் தமிழக அரசின் முதல் அப்துல் கலாம் விருதைப் பெற்ற விண்வெளி விஞ்ஞானி ந. வளர்மதியின் பெயரிலும் இருப்பது ஒரே மதிதான். கதிர், அருள், அன்பு, மணி ஆகியவையும் இப்படிப்பட்டவையே. ஆனால் கையேட்டில் அருள் ஆண் பகுதியிலும் யாழ் பெண் பகுதியிலும் அடைபட்டுக் கிடக்கின்றன. கிரண் ஆண்களுக்கு மட்டும் என்கிறார்கள். கிரிக்கெட் வீரர் கிரண் மோரேக்கு அது பொருந்தும். கிரண் பேடியையும் கிரண் மஜும்தார் ஷாவையும் என்ன செய்வது?

மதித்தல் என்னும் வினை கையேட்டில் எங்கும் இல்லை. தொல்காப்பியம் முன்னிலை அசைச்சொற்களுள் ஒன்றாகச் சொல்லும் ‘மதி’யையும் இவ்வளவு சிறிய நூலில் எதிர்பார்க்க முடியாதுதான். ‘கேண்மதி’ (கேள்), ‘சென்மதி’ (செல்) என்று, தனக்கெனப் பொருளின்றி எதிரே நிற்பவரை நோக்கி வரும் அந்த அசை ஆண், பெண் பார்ப்பதில்லை என்பதைத் தங்கையிடம் சொன்னபோது, பெயர் வைத்ததில் அவளுக்குப் பெருமை கூடியது.

நட்சத்திர எழுத்து மட்டும் வேண்டுவோர் இதை வாங்கலாம். பொருள் தெரிந்து பெயரிட விரும்புவோர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பார்ப்பது நல்லது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது, ஒரே வடிவில் வரும் வெவ்வேறு சொற்களைப் பிரித்தும் காட்டுகிறது. அடுத்த பதிப்பில் இரு பகுதிகளையும் ஒரே அகரவரிசையாக்கி, வழக்கு எப்படி என்பதைப் பெயருக்கு எதிரே குறித்தால் போதும். பத்துப் பக்கமாவது மிச்சமாகும்.