மரச்சட்டக வீடு: டிரைவோலுக்குப் பின்னால் இருப்பவை

ரொறன்ரோவுக்கு வடக்கே புதிதாகக் கட்டப்பட்ட இரண்டு மாடி வீடொன்றில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பேஸ்மன்ட் சுவர்கள் மட்டுமே கொங்கிறீட். மேலே வெளியில் தெரியும் செங்கல் வெறும் போர்வை, வீட்டின் பாரத்தைத் தாங்குவது மரம்தான். யாழ்ப்பாணத்தில் கல்வீடு கட்டிய தலைமுறைக்கு இது மட்டை வீடாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் இந்நாட்டுக் குளிருக்கு மரச்சட்டகம் நன்றாகவே பொருந்துகிறது. கொங்கிறீட்டைவிட மரம் வெப்பத்தைப் பல மடங்கு குறைவாகக் கடத்துகிறது. அதைவிடப் பெரிய அனுகூலம், கடையில் ‘டூ பை சிக்ஸ்’ என்று விற்கப்பட்டாலும் உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு ஐந்தரை அங்குல அளவே உள்ள சட்டங்களை 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்துவதால், இடைவெளி முழுவதையும் இன்சுலேஷன் பஞ்சால் நிரப்ப முடிவதே. வெளியே மைனஸ் 20 பாகை இருந்த நாள்களிலும் உட்சுவர் கைக்குச் சில்லிடவில்லை. கூடுதலாக ஒரு பிளக் பொயின்ட் தேவைப்பட்டபோது, சுவரைக் கொத்தாமல், உட்சுவரை மூடும் ஜிப்சம் பலகையான டிரைவோலில் சிறு சதுரம் வெட்டி வயரை இழுத்து முடித்துவிட்டார்கள்.

தீயைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். டிரைவோலின் ஜிப்சத்தில் பிணைந்துள்ள நீர் ஆவியாகி முடியும்வரை வெப்பம் மரத்தை எளிதில் எட்டாது. அந்த அவகாசம் நாம் வெளியேறுவதற்கானதே தவிர, வீடு எரியாது என்ற உறுதியன்று.

எனக்குக் கவலை தந்தது ஈரம். டிரைவோல் அடிப்பதற்கு முன் பார்வையிட்டபோது, சமையலறை யன்னலின் ஓரத்தில் நீராவித் தடுப்பு பொலித்தீன் கையளவு கிழிந்து தொங்கியது. அப்படியே மூடியிருந்தால், சமையலின் ஈரக்காற்று சுவருக்குள் புகுந்து, வெளிப்பக்கக் குளிர்ந்த பலகையில் நீராகப் படிந்து, பூஞ்சணம் பிடித்திருக்கும். இரண்டு முறை நினைவூட்டிய பிறகே கட்டுநர் டேப் ஒட்டினார். ஒன்ராறியோவில் புதிய வீட்டின் சட்டபூர்வ உத்தரவாதம் வேலைப்பாட்டுக் குறைகளுக்கு 1 ஆண்டும், நீர்க்கசிவுக்கு 2 ஆண்டுகளும், பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 7 ஆண்டுகளும் செல்லும். இருப்பினும் சுவர் மூடப்படுமுன் எடுத்த படங்கள் பிறகு வாதாடும் வேலையைக் குறைக்கும்.

சட்டகத்துக்கு ஐந்தில் நான்கு, கட்டுநருக்கு மூன்று. சட்டகத்துக்குக் குறைத்த ஒரு புள்ளி சத்தத்துக்காக: மாடியில் பிள்ளைகள் ஓடினால் கீழே தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கிறது.