ரேடியோகிராஃபி சேரப் பணம் கட்டும் முன் எக்ஸ்ரே அறையைக் காட்டச் சொல்லுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பஸ் ஸ்டாண்டுகளில் நோட்டீஸ் கொடுக்கிறவர்கள் இறங்கிவிடுவார்கள். நர்சிங், லேப் டெக்னீஷியன், ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் என்று வரிசையாக இருக்கும். அதில் இப்போது நன்றாக விலை போவது பி.எஸ்சி. ரேடியோகிராஃபி, அதாவது எக்ஸ்ரே எடுக்கக் கற்றுத்தரும் படிப்பு. அதற்காக ஊட்டியில் ஒரு இடத்தில் சேர்ந்து, ஒரு வருடத்தையும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாயையும் இழந்தவள் நான். இப்போது கோயம்புத்தூரில் வேறொரு கல்லூரியில் முதலிலிருந்து ஆரம்பித்து இரண்டாம் வருடம் படிக்கிறேன். அந்த ஊட்டி இடத்தின் பெயரை எழுதவில்லை. போலீசில் மனு இருக்கிறது, பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தவிர, போர்டை மாற்றுவது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், ஆளை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

அப்பா பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். அம்மா தோட்ட வேலை. எங்கள் வீட்டுக்கு வந்த ஏஜென்ட் அப்பாவிடம் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: “நர்சிங்னா நைட் டூட்டிங்கண்ணா, கஷ்டம். இது ஏசி ரூம் வேலை. பட்டனை அமுக்கினா போதும். பாப்பா நாலு வருஷத்துல துபாய்ல இருக்கும்.” அம்மா மட்டும், “அந்த எக்ஸ்ரே கதிர் புள்ளை உடம்புல படாதுங்களா?” என்று கேட்டார். “அதெல்லாம் பழைய மெஷின்லதாங்க அக்கா. இப்ப எல்லாம் டிஜிட்டல்.” இது சுத்தப் பொய். டிஜிட்டல் ஆனது படம் விழும் பலகையும் அதைப் படிக்கும் கம்ப்யூட்டரும்தான். குழாயிலிருந்து வருவது 1895-இல் ரான்ட்ஜன் கண்டுபிடித்த அதே எக்ஸ்ரே. அன்று எங்கள் வீட்டில் கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வியை இப்படித்தான் வாயடைத்துவிட்டார்.

நோட்டீஸில் இன்னொரு கூத்து. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், கர்ப்பிணியின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். நம் நாட்டில் கர்ப்பிணிக்கு ஸ்கேன் பார்ப்பதற்கு அதற்கான தகுதி உள்ள டாக்டர் வேண்டும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம் அதைக் கறாராகச் சொல்கிறது. ரேடியோகிராஃபி விளம்பரத்தில் அந்தப் படத்தைப் போடுகிறவருக்கு ஒன்று படிப்பு தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று தெரிந்திருக்கிறது.

சேர்க்கை நடந்தது ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடியில். மார்க் ஷீட், டி.சி., ஜாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலாகவே வாங்கி வைத்துக்கொண்டார்கள், “யுனிவர்சிட்டிக்கு அனுப்பணும்” என்று. வருடக் கட்டணம் 65,000. கிளினிக்கல் ஃபீஸ் என்று 15,000. யுனிவர்சிட்டி பதிவு, யூனிஃபார்ம் என்று இன்னும் 14,000. அப்பா கல்விக் கடன் பற்றிக் கேட்டபோது, “பேங்க் அலைச்சல் எதுக்குங்கண்ணா, தவணையா கட்டுங்க” என்று ரொம்பக் கரிசனமாகப் பேசினார்கள். பேங்கில் முதலில் கேட்பதே கல்லூரியின் அங்கீகாரக் கடிதம் என்பது அப்புறம்தான் புரிந்தது. ரசீது 65,000-க்கு மட்டும் கிடைத்தது. மேலே கல்லூரியின் பெயர் இல்லை, ஏதோ ஒரு அறக்கட்டளை. விவரம் என்ற இடத்தில் ‘நன்கொடை’. மீதிப் பணத்துக்கு அவர்கள் நோட்டில் ஒரு டிக், அவ்வளவுதான்.

நான் அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். கேட்கும்போதெல்லாம் சர்வர் வேலை செய்யவில்லை என்றார்கள். ஊட்டி மழையில் கரன்டும் நெட்டும் போவது சகஜம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையில் அரசுப் பட்டியலில் அப்படி ஒரு கல்லூரியே இல்லை.

வகுப்பு வாரத்தில் மூன்று நாள், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. “மத்த நாள்ல பார்ட் டைம் வேலைக்குப் போகலாம்” என்று அதையே ஒரு சலுகை மாதிரி சொன்னார்கள். 2021-இல் வந்த தேசிய துணை மருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், டிகிரி அளவிலான படிப்புக்கு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. வாரத்துக்கு ஒன்பது மணி நேரம், வருடத்துக்கு நாற்பது வாரம் விடாமல் நடத்தினாலும் 360 மணிதான் வரும். பத்து வருடம் படிக்க வேண்டும்!

அனாடமி எடுத்தது லேப் டெக்னீஷியன் படித்த ஒரு அக்கா. நல்லவர், தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார். ரேடியேஷன் ஃபிசிக்ஸ் எடுக்க ஆளே வரவில்லை. எக்ஸ்ரே மெஷின் ஒன்று இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சக்கரம் வைத்த பழைய மொபைல் யூனிட், மேலே பூப்போட்ட பெட்ஷீட். துணியைத் தூக்கிப் பார்த்தால் ஒயரின் முனையில் பிளக் இல்லை. அந்த அறைக்குப் பிளைவுட் கதவு, சாலையைப் பார்த்த கண்ணாடி ஜன்னல், அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு அறை. பிளக் இல்லாமல் போனது நாங்கள் செய்த புண்ணியம். எக்ஸ்ரே மெஷினை இயக்க மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். சுவர், கதவு, மெஷின் நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் விதி இருக்கிறது. “லைசென்ஸ் வந்துட்டே இருக்கு” என்றார் பிரின்சிபால். வந்துகொண்டே இருந்தது.

அப்புறம் ‘ஹாஸ்பிடல் போஸ்டிங்’. குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எங்களை அனுப்பினார்கள். டோக்கன் எழுதுவது, ஃபிலிமைக் கவரில் போடுவது, நடக்க முடியாதவர்களைத் தள்ளிக்கொண்டு போவது. அங்கிருந்த ரேடியோகிராஃபர் அண்ணன், நான் எக்ஸ்ரே அறைக்குள் போகப் பார்த்தபோது கையை நீட்டித் தடுத்தார்.

“பேட்ஜ் எங்கம்மா?”

“ஐ.டி. கார்டு இருக்குங்கண்ணா.”

“அது இல்லம்மா. டி.எல்.டி. தந்திருக்காங்களா இல்லையா?”

தன் சட்டையில் குத்தியிருந்த டி.எல்.டி. பேட்ஜைக் கழற்றிக் காட்டினார். உடம்பில் படும் கதிரை அளக்கிற பேட்ஜ் அது. சின்ன பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒரு அட்டை. அதில் கால்சியம் சல்பேட் கலந்த மூன்று வட்டத் தகடுகள். கதிர் பட்டால் அந்த ஆற்றலைப் பிடித்து வைத்திருந்து, லேபில் சூடு பண்ணும்போது ஒளியாக விடும். எவ்வளவு ஒளி வருகிறதோ அதிலிருந்து அந்த மூன்று மாதத்தில் உங்கள் உடம்பு வாங்கிய கதிரின் அளவைக் கணக்கிடுவார்கள். அந்த அளவின் அலகு மில்லிசீவர்ட். மார்புக்கு நேராக, ஈய ஏப்ரனுக்கு உள்ளே குத்திக்கொள்ள வேண்டும். வேலை பார்க்கிறவருக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. 16 முதல் 18 வயதுள்ள பயிற்சி மாணவருக்கு ஆண்டுக்கு 6 தான். சேர்ந்தபோது எனக்கு 18 முடியவில்லை. என் அளவைக் குறித்துக்கொள்ள யாருமே இல்லை.

“இது கடையில வாங்குறது இல்லம்மா. இன்ஸ்டிடியூஷன் பேர்ல பதிவு இருந்தாத்தான் உன் பேருக்கு நம்பர் போட்டு வரும். உங்க காலேஜ்ல கேளு” என்றார் அவர். கேட்டேன். பிரின்சிபால் தனி அறையில் கூப்பிட்டு, “அதெல்லாம் தேர்டு இயர்ல. நீ ரொம்பக் கேள்வி கேக்குற” என்றார். இன்று என் சட்டையில் இருக்கும் பேட்ஜை இப்போதைய கல்லூரி போஸ்டிங் தொடங்கும் முன்பே, என் பெயரில், தந்தது.

முதல் வருட ஹால் டிக்கெட் வந்த அன்று மீதியும் வெளுத்துவிட்டது. வடக்கே ஒரு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகத்தின் பெயர். படிப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பி.எஸ்சி. இல்லை, பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டத்தைப் போட்டு வேறு ஏதோ பாடம். பரீட்சை நடந்தது அதே பேக்கரி மாடியில், கண்காணிப்பாளர் ஃபீஸ் வாங்கும் அக்கா. பி.வோக். என்பதே மோசம் என்று நான் சொல்லவில்லை, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஒப்புக்கொண்ட படிப்புதான் அது. சேர்க்கும்போது ஒன்றைச் சொல்லி, பரீட்சைக்கு வேறொன்றைக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? அதோடு, தனியார் பல்கலைக்கழகங்கள் பிற கல்லூரிகளைத் தம்மோடு இணைத்துக்கொள்ளவே முடியாது. யு.ஜி.சி.யின் 2003 விதிமுறை அப்படி. நாங்கள் கேட்டபோது வந்த பதில்: “டிகிரி டிகிரிதாம்மா.”

வெளிநாட்டுக் கனவில் சேர்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உங்கள் சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பி உண்மைதானா என்று கேட்கும். பிரிட்டனில் இந்தத் தொழில்களைப் பதிவு செய்யும் எச்.சி.பி.சி. என்ற அமைப்பின் பதிவு இல்லாமல் ரேடியோகிராஃபர் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. மாடிக் கல்லூரியின் பேப்பர் விமான நிலையம் வரைகூடப் போகாது.

விலகுகிறேன் என்றதும் மீதி மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்ததை மாமா அச்செடுத்துக் கொண்டு வந்து மேஜையில் வைத்தார். அதைப் படித்த பிரின்சிபால், “நாங்க யு.ஜி.சி.ல வரமாட்டோங்க” என்றார். தன் வாயாலேயே! ஒரு வருடம் நாங்கள் கேட்டதில் அது ஒன்றுதான் உண்மை.

ஊட்டி பிங்கர்போஸ்டில் திங்கட்கிழமை நடக்கும் கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். அது போலீசுக்குப் போனது. விசாரணைக்குக் கூப்பிட்ட பிறகு சான்றிதழ்கள் கைக்கு வந்தன, டி.சி.யின் ஓரத்தில் டீக் கறையோடு. பணம் வரவில்லை. ரசீதில் நன்கொடை என்று இருப்பதால் கட்டணம் என்று நிரூபிப்பதே பாடாக இருக்கும் என்கிறார் வக்கீல். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று பார்த்தோம். கல்வி அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதிலேயே வழக்கு இருக்கிறதாம். மோசடிப் புகாராக, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் போவதுதான் சரி என்று அதில் நிற்கிறோம்.

படிப்பின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பட்டனை அமுக்குகிற வேலை என்று சொன்ன ஏஜென்ட்டை இப்போது பார்த்தால் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன். முகவாயைத் தூக்கி வைக்க வேண்டும், புறங்கைகளை இடுப்பில் வைத்துத் தோளை முன்னால் தள்ளச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழும். குழாய் ஆறடி தள்ளி இருக்க வேண்டும், பக்கத்தில் வைத்தால் இதயம் பெரிதாகத் தெரியும். இடம் வலம் மார்க்கர் மறந்தால் டாக்டர் திட்டுவார். எண்பது வயதுப் பாட்டியிடம் மூச்சை இழுத்துப் பிடிங்க ஆத்தா என்று சொல்லி, அவர் பிடிக்கும் அந்த நொடியில் எடுக்க வேண்டும். இதைப் பெட்ஷீட் போர்த்திய மெஷினில் படிக்க முடியாது.

ஆகவே சேரப் போகிறவர்கள், எந்த மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் நிற்கப் போகிறோம் என்று கேளுங்கள். அந்த அறைக்கு நேரிலேயே போங்கள், அங்கே இருக்கும் ரேடியோகிராஃபரிடம் இந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு பேட்ஜ் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கூடவே, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இணைப்புக் கல்லூரிப் பட்டியல் இருக்கிறது. கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, ரேடியோகிராஃபிக்கு இணைப்பு இருக்கிறதா என்று படிப்பு வாரியாகப் பாருங்கள். நர்சிங்குக்கு வாங்கிய அனுமதியைக் காட்டி மற்றதற்கும் ஆள் சேர்க்கிற இடங்கள் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அதன் சொந்த வளாகத்தில்தான் நடக்கிறதா என்று பாருங்கள். அரசு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கம் தேர்வுக் குழுவின் துணை மருத்துவக் கலந்தாய்வு இருக்கிறது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். ஏஜென்ட்கள் அதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள், அவர்களுக்கு அதில் கமிஷன் கிடையாதே.

என்னோடு சேர்ந்த பலர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். பந்தலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம், வீட்டில் சொல்லப் பயந்துகொண்டு மூன்றாம் வருடம் பேட்ஜ் வரும் என்று காத்திருக்கிறார்கள். ஹால் டிக்கெட், நன்கொடை ரசீது, ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டண விவரம், இந்த மூன்றும் எங்கள் மனுவில் சேர்த்த ஆதாரங்கள். அவர்களிடமும் அவை இருக்கும். அழிக்காமல் வைத்திருங்கள், தனித்தனியாகப் போவதைவிட ஒரே புகாரில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் ஸ்டேஷனில் உட்காரச் சொல்லிக் கேட்கிறார்கள்.