இன்டெல் கிகாபிட் சிடி கார்டு: திருப்பி அனுப்ப இருந்தேன், தப்பு என் பக்கம்

சர்வரின் மதர்போர்டிலேயே இருந்த நெட்வொர்க் போர்ட் செத்துப்போனது. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சில் வேறு போர்ட்டில் சொருகிப் பார்த்தேன், லைட்டே வரவில்லை. சரி என்று பயாஸில் அதை அணைத்துவிட்டு, இன்டெல் கிகாபிட் சிடி என்ற நெட்வொர்க் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டேன். 82574எல் சிப், பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 கார்டு, பெரிய ஸ்லாட்டிலும் உட்காரும், ஃபேன் கிடையாது, ஒரே ஒரு போர்ட்.

புதுசாக 2.5 கிகாபிட் கார்டே வாங்கலாமே என்று கேட்பீர்கள். இந்த சர்வரில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ். அதன் ஆதரவு 2020 நவம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது, ஆனால் அதை நம்பி ஒரு பழைய சாஃப்ட்வேர் உட்கார்ந்திருக்கிறது, இப்போதைக்கு நகர்த்த முடியாது. அதன் கர்னல், அதாவது சிஸ்டத்தின் உட்கரு, 2.6.32. இன்டெல்லின் ஐ225 மாதிரி 2.5 கிகாபிட் கார்டுகளை ஓட்ட வேண்டிய ஐஜிசி டிரைவர் லினக்ஸ் கர்னலுக்குள் வந்ததே 4.20-இல்தான். சிடி கார்டுக்கான ஈ1000ஈ டிரைவரோ இந்தப் பழைய கர்னலிலேயே இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். நெட்வொர்க்கே இல்லாத மெஷினில் டிரைவரை எப்படி இறக்குவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கார்டைப் போட்டு ஆன் செய்ததும் பச்சை லைட் எரிந்தது. பூட் ஆகும்போது மட்டும், ஈத்0 (முதல் நெட்வொர்க் போர்ட்டின் பேர்) என்று ஒரு சாதனம் இருப்பதாகவே தெரியவில்லை என்று ஒரு வரி வந்து போனது. நெட்வொர்க் போர்ட்டுகளைப் பட்டியலிடும் ஐஎஃப்கான்ஃபிக் அடித்தால், மெஷின் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் 'லோ' ஒன்றுதான் நிற்கிறது. டப்பா கார்டு வந்துவிட்டது என்று முடிவுகட்டி, கழற்றி டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். திருப்பி அனுப்பும் படிவத்தில் பாதி நிரப்பிய பிறகுதான் லைட் எரிந்ததே, டிரைவரும் கர்னலிலேயே இருக்கிறதே என்று உறைத்தது.

மறுபடி போட்டு, இந்தத் தடவை முடங்கிக் கிடப்பதையும் காட்டும்படி ஐஎஃப்கான்ஃபிக்கோடு -ஏ சேர்த்து அடித்தேன். அங்கே ஈத்1 என்று சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது நம்ம கார்டு! விஷயம் இதுதான். சென்ட்ஓஎஸ் 6-இல் சாதனங்களுக்குப் பேர் வைக்கும் யூடெவ், ஒவ்வொரு கார்டின் மேக் முகவரியையும் (கார்டுக்கே உரிய அடையாள எண்) 70-பெர்சிஸ்டென்ட்-நெட் என்ற ரூல்ஸ் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். பழைய போர்ட்டுக்கு ஈத்0 என்று பட்டா போட்டாகிவிட்டது. அது செத்தாலும் பட்டாவை மாற்றாது, புதிதாக வந்ததற்கு ஈத்1 என்று அடுத்த எண்ணைக் கொடுத்துவிடும். ஐபி எழுதிய ஃபைல் ஈத்0 பேரில் இருக்கிறது, அந்தப் பேரில் ஆளே இல்லை.

ரூல்ஸ் ஃபைலில் பழைய வரியை அழித்து, புது வரியில் ஈத்1 என்பதை ஈத்0 ஆக்கி, ரீபூட் செய்தேன். இப்போது வேறு புலம்பல்: எதிர்பார்த்த மேக் முகவரி இது இல்லை, விட்டுவிடுகிறேன் என்றது. ஐபி எழுதிய அந்த ஐஎஃப்சிஎஃப்ஜி-ஈத்0 ஃபைலிலும் ஹெச்டபிள்யூஅட்ர் என்ற வரியில் பழைய முகவரியே இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும். கார்டின் ஸ்டிக்கரில் இருக்கும் 12 எழுத்தைப் பார்த்து அடித்தேன், அதிலும் 8-ஐ பி என்று படித்து ஒரு ரீபூட் தண்டம். ஃபைலைத் திருத்தும் முன் நகல் எடுத்தால் அதே டைரக்டரியில் '-ஓல்டு' என்று பேர் வைத்து விட்டுவிடாதீர்கள், நெட்வொர்க் ஸ்கிரிப்ட் அதையும் இன்னொரு கார்டுக்கான ஃபைல் என்று எடுத்துக்கொள்ளும். ரூட் (அட்மின்) பயனரின் ஹோம் டைரக்டரியில் போட்டு வையுங்கள். பூட் ஆகும்போதே கார்டை இயக்கச் சொல்லும் ஆன்பூட் வரியில் 'யெஸ்' இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள், மினிமல் இன்ஸ்டால் என்றால் அது 'நோ' என்றே இருக்கும்.

மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் வந்தது. அப்பாடா என்று ஒரு பெரிய ஃபைலைக் காப்பி போட்டால் நத்தை வேகம். அப்போதும் முதலில் கார்டைத்தான் திட்டினேன். கார்டின் நிலையைக் காட்டும் ஈத்டூலில் பார்த்தால் 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் பேசலாம்), ஆட்டோ நெகோஷியேஷன் (இரு முனையும் வேகத்தைத் தாமே பேசி முடிப்பது) ஆஃப். எனக்கு முன்னால் இதைப் பார்த்துக்கொண்ட யாரோ அதே ஐஎஃப்சிஎஃப்ஜி ஃபைலின் அடியில் ஈத்டூல் ஆப்ட்ஸ் என்று ஒரு வரி போட்டு வேகத்தைக் கட்டி வைத்திருக்கிறார். அந்தக் காலத்து ஸ்விட்சிலும் அப்படியே கட்டியிருப்பார்கள் போல. ஸ்விட்ச் மாறியது, இந்த வரி மாறவில்லை. ஒரு பக்கம் ஃபுல் என்று கட்டிவிட்டு மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால், ஆட்டோ பக்கம் வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். பிங் மாதிரி குட்டிப் பாக்கெட்டுகள் சுகமாகப் போகும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால் மோதிக்கொண்டு நிற்கும். இரவு பேக்கப் இத்தனை நாள் மெதுவாக ஓடியதற்கு நான் ஹார்டு டிஸ்க்கைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வரியை எடுத்ததும் 1000, ஃபுல்.

அப்புறம், ஐபியைத் தானாக ஒதுக்கும் டிஹெச்சிபியில் மேக் முகவரிக்கு ஒதுக்கி வைத்திருந்தாலோ, ஸ்விட்ச் போர்ட்டை ஒரு மேக்குக்கு மட்டும் பூட்டி வைத்திருந்தாலோ, அங்கேயும் போய் மாற்ற வேண்டும்.

கார்டுக்கு ஐந்தில் நாலரை. அரை நட்சத்திரம் ஒரே போர்ட் என்பதற்காக. ராத்திரி பகலாக ஓடுகிறது, ஈத்டூலில் எரர் கணக்கு எல்லாம் பூஜ்யம். புது மேக் முகவரியை ஒரு தாளில் பெரிதாக எழுதி கேபினெட் மூடியின் உள்பக்கம் ஒட்டியாகிவிட்டது. செத்த போர்ட்டின் வாயிலும் டேப் போட்டு மூடிவிட்டேன், அடுத்து வருகிறவர் கேபிளை அதில் சொருகிவிட்டு எனக்கு போன் போட வேண்டாம்.