டொல்பின் வேனுக்கு எலக்ட்ரிக் பேன் மாற்றலாமா?

சுடச்சுட வீசும் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பு கராஜ்களில் இந்தப் பேச்சு தானாக வந்துவிடும்: "விஸ்கஸ் பேனைக் கழற்றிப்போட்டு எலக்ட்ரிக் பேன் போடுவமா?" விஸ்கஸ் பேன் என்றால், எஞ்சினின் பெல்டில், இடையில் ஒரு கிளச் வைத்துச் சுற்றி ரேடியேட்டரைக் குளிர்விக்கும் பேன். எலக்ட்ரிக் பேன் தனி மோட்டாரில் சுற்றும். என்னுடையது 3எல் டீசல் எஞ்சின் டொல்பின் (டொயோட்டா ஹயேஸ்), ஹயர் ஓடுகிற வேன். அதன் பேன் கிளச் தளர்ந்தபோது எனக்கும் இதே யோசனையைச் சொன்னார்கள். மாற்றியவர்களிடமும் கேட்டேன், மாற்றாதவர்களிடமும் கேட்டேன். கடைசியில் எலக்ட்ரிக் பேன் போடவில்லை. கிளச்சையே சரிசெய்துகொண்டு ஓடுகிறேன். ஆகவே நான் எந்தப் பக்கம் நின்று எழுதுகிறேன் என்பது முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

எலக்ட்ரிக் பேனில் உள்ள நல்லவற்றைப் பற்றி அதிகம் வாதாடத் தேவையில்லை. இரைச்சல் குறையும். காலையில் எஞ்சின் சீக்கிரம் சூடேறும். கிளச்சின் பாரம் தண்ணீர்ப் பம்பின் தண்டிலிருந்து இறங்குவதால் பம்பின் பெயரிங்குக்கும் நல்லது. நின்ற இடத்தில் ஏசி போட்டுக்கொண்டு ஐட்லிங்கில் நின்றாலும் பேன் முழு வேகத்தில் சுற்றும். எஞ்சினோடு சுற்றும் பேன் அந்த நேரத்தில் மெதுவாகத்தான் சுற்றும். இதெல்லாம் உண்மை.

டீசல் மிச்சம் என்று சொல்வதைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது தின்னும் சக்தி எட்டு மடங்காகும். கிளச் இல்லாமல் நேரடியாகப் பூட்டிய பேன் என்றால் வேகமாக ஓடும்போது உண்மையிலேயே பல குதிரைவலுவை விழுங்கும். அதை எடுத்துவிட்டால் வித்தியாசம் தெரியும். ஆனால் டொல்பினில் இருப்பது விஸ்கஸ் கிளச். அதன் முன்முகத்தில் சுருட்டி வைத்த சின்னத் தகடு ஒன்று இருக்கும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் அந்தச் சுருள் திரும்பி உள்ளே ஒரு வால்வைத் திறக்கும், சிலிக்கன் எண்ணெய் தட்டுகளுக்கிடையில் பாயும், பேன் பிடிக்கும். சூடில்லாத நேரத்தில் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றும். அதாவது, தேவைக்கு மட்டும் பேன் என்ற வேலையை அது ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. அதோடு எலக்ட்ரிக் பேனும் இலவசமாகச் சுற்றுவதில்லை. 20 ஆம்பியர் இழுக்கும் பேனுக்கு ஏறக்குறைய 270 வாட் வேண்டும். அதை உண்டாக்க ஆல்டர்னேட்டர் எஞ்சினிடமிருந்து அதைவிட நிறையவே எடுக்கும். விஸ்கஸ் நல்ல நிலையில் இருக்கும் வேனில் மாற்றினால் டீசல் கணக்கில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதே என் எண்ணம்.

அடுத்தது, வண்டி எங்கே சூடாகிறது என்பது. மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் முன்னாலிருந்து வரும் காற்றே பெரும்பாலும் போதும். பேன் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். காத்தான்குடிச் சந்தடியிலும் கல்முனை பஸார் நெரிசலிலும் ஊர்ந்தால் எலக்ட்ரிக் பேன் மேல். ஆனால் பிபிலை தாண்டி லுணுகலை, பசறை என்று பதுளைக்கு ஏறும்போது, ஆள் நிறைந்த வேன் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு போகும். வேகம் குறைவு, எஞ்சின் சுற்று அதிகம். எஞ்சின் வேகம் கூடக் கூட விஸ்கஸ் பேனும் வேகமாகும். எலக்ட்ரிக் பேன் எல்லா நேரமும் ஒரே வேகம்தான், அதற்கு மேல் ஏறாது. பதுளையையும் தாண்டி நுவரெலியாவுக்குப் போனால், அது 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து கிளம்பும் நம் வேன்கள் அந்த உயரம் முழுவதையும் ஏறித்தான் ஆகவேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எனக்கு முடிவு வரவில்லை. முடிவெடுக்க வைத்தது வேறொன்று: பழுதாகப் போகிறது என்று எது முன்கூட்டிச் சொல்லும்?

விஸ்கஸ் கிளச் ஒரேயடியாகச் சாவது அபூர்வம். மெல்ல மெல்லத்தான் தளரும். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், சீட்டைத் தூக்கிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். கிளச்சின் முகத்தில் கோடு கோடாக எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்துப்போயிருந்தால் சிலிக்கன் வெளியேறுகிறது என்று அர்த்தம். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். குளிரில் லேசான இறுக்கம் இருக்க வேண்டும், நன்றாக ஓடிய சூட்டில் இறுக்கம் கூட வேண்டும். தட்டிவிட்டால் பம்பரம் போல் சுற்றிக்கொண்டே போனால் வேலை வந்துவிட்டது. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் பெயரிங்கின் கதை தெரியும். காதுக்கும் சொல்லும்: காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சிறிது நேரம் உறுமிவிட்டு அடங்குவது நல்ல கிளச். ஏற்றத்தில் அந்த உறுமல் வருவதே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். இந்த அடையாளங்கள் எல்லாம் வந்த பிறகும், தட்டையான ஏ-11 வீதியில் பொலன்னறுவை பக்கம் கவலையில்லாமல் போய்வரலாம்.

எலக்ட்ரிக் பேன் அப்படியில்லை. நேற்று வரை சுற்றும், இன்று சுற்றாது. ரிலே போகலாம், பியூஸ் போகலாம், சுவிட்ச் போகலாம், எர்த் வயர் தளரலாம். நம் கரையோரத்தில் இது இன்னும் மோசம். கல்லடி, நாவலடி, காத்தான்குடி, அப்படியே தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று வரை ஒரு பக்கம் கடல், பல இடங்களில் மறுபக்கம் வாவி. உப்புக்காற்று செம்பை விடாது. பழைய வேன் ஒன்றின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், வயரின் நுனியில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். இரண்டு ஆம்பியர் போகும் பார்க் லைட்டில் அது பெரிய விஷயமில்லை. 20 ஆம்பியர் போகும் இடத்தில் அந்தக் களிம்பு வெறும் 0.05 ஓம் தடையைச் சேர்த்தாலே 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அதோடு 20 வாட் சூடு அந்தச் சின்ன இணைப்பில் பிறக்கும். பிளாஸ்டிக் இளகும், முள் தளரும், தடை இன்னும் கூடும், சூடு இன்னும் கூடும். இதற்கிடையில் பேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், சற்று மெதுவாக. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

அது நிற்கும் இடம் எதுவாக இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். தட்டையான வீதியில் ஓடும்போது நின்றால் தெரியவே தெரியாது. ஏற்றம் வந்த பிறகுதான் தெரியும். ஆடிவேல் காலத்தில் கதிர்காமத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை என்று போகிறோம். காட்டுப் பக்கம், இரவில் யானை நடமாட்டம் உள்ள வீதி. பின்சீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்க, அங்கே பொனட் இல்லாத வேனின் சீட்டைத் தூக்கி டோர்ச் வெளிச்சத்தில் எந்த இணைப்பு போயிருக்கிறது என்று தேடுவதை நான் விரும்பவில்லை. டீசல் எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் கேஸ்கட், அதைத் தாண்டினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பு. பேனில் மிச்சம்பிடித்ததெல்லாம் அதில் போய்விடும்.

பெல்ட் அறுந்தால் விஸ்கஸ் பேனும் நின்றுவிடுமே என்று கேட்பார்கள். சரிதான். ஆனால் 3எல்லில் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்டில்தான் ஓடுகிறது. பெல்ட் அறுந்தால் எந்தப் பேன் சுற்றினாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடாது.

ஆல்டர்னேட்டரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய டீசல் வேன்களில் 50, 60 ஆம்பியர்தான் சாதாரணம், ஐட்லிங்கில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. மார்கழி மழையில், இரவில், ஹெட்லைட், வைப்பர், முன் ஏசி, பின் ஏசி எல்லாம் ஓட, மேலே 20 ஆம்பியர் பேனையும் ஏற்றினால் பற்றரியிலிருந்துதான் இழுக்கும். எலக்ட்ரிக் பேன் போட்டவர்களில் சிலர் பிறகு ஆல்டர்னேட்டரையும் பெரிதாக்கியது இதனால்தான்.

விஸ்கஸ் பழுதுக்கு எல்லோரும் புதுக் கிளச் வாங்க வேண்டும் என்றும் இல்லை. டொயோட்டாவின் கிளச் பலவற்றைத் திருகாணி கழற்றிப் பிரிக்கலாம். அதற்கென்றே சிலிக்கன் எண்ணெய் சின்னக் குழாயில் வருகிறது. 3000, 6000, 10,000 என்று தடிப்பு வேறுபடும், எண் கூடினால் பிடிப்பும் கூடும். கசிவு நின்றிருந்து பெயரிங்கும் நன்றாக இருந்தால் எண்ணெய் மாற்றுவதோடு முடியும். பெயரிங் ஆடினால் மட்டும் முழுக் கிளச். கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடைகளில் ரீகண்டிஷன் வாங்குவதானால் மேலே சொன்ன கைச்சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள்.

எலக்ட்ரிக் பேன் எனக்கே சரியாகப் படும் ஓர் இடம் வெள்ளம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் மாரியில் வீதி மேல் தண்ணீர் ஓடும்போது, எஞ்சினோடு சுற்றும் பேனின் இலை தண்ணீரை வெட்டி, முன்னுக்கு வளைந்து ரேடியேட்டரில் உரசக்கூடும். எலக்ட்ரிக் பேனை நிறுத்திவிட்டு இறங்கலாம். கரையேறிய பிறகு மோட்டாருக்குள் போன சேறு என்ன செய்யும் என்பது வேறு விஷயம். ஊருக்குள் மட்டும் ஓடும் ஸ்கூல் வேனுக்கும் எலக்ட்ரிக் பேன் பொருந்தலாம். பெட்ரோல் எஞ்சினைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

மாற்றுவதென்றே முடிவெடுத்தவர்கள் பேனை ரேடியேட்டருக்குப் பின்னால், இழுக்கும் பக்கமாகப் பூட்டுங்கள். முன்னால் பூட்டினால் ஓடும்போது வரும் காற்றையே மறைக்கும். ரேடியேட்டர் முழுவதையும் மூடும் கூடு கட்டாயம், இல்லாவிட்டால் பேனின் வட்டத்துக்குள் மட்டும்தான் காற்று போகும். வெப்ப சுவிட்சை ரேடியேட்டர் இலைகளுக்கிடையில் செருகாமல் தண்ணீர் படும் இடத்தில் வையுங்கள். 40 ஆம்பியர் ரிலே, தடித்த வயர், எர்த்தைத் தனி வயராக பற்றரிக்கே கொண்டுபோவது, இவற்றில் காசு மிச்சம்பிடிக்க வேண்டாம். இணைப்புகளில் கிரீஸ் பூசி, மாரிக்கு முன் ஒருமுறை, கச்சானுக்கு முன் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். டாஷ்போர்டில் ஒரு கை சுவிட்சும் போட்டுக்கொண்டால், மலை ஏறுவதற்கு முன் பேனை ஓடவிட்டு இறங்கிப்போய்க் காதால் கேட்டுவிடலாம். சூடான எஞ்சினை நிறுத்திய பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கக்கூடும் என்பதால் கை வைக்குமுன் அதன் பியூஸைக் கழற்றிவிடுங்கள்.